அறுபடாத கோடு

வாரியத்தின் முழுப்பெயரை மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பவருக்குப் பதவி உயர்வு உண்டு என்று ஒரு பேச்சு இருந்தது. காற்றாலை உறுப்புகள் சுமை மற்றும் தேய்மான ஆயுள் நிர்ணய வாரியம். காற்றாலையை ஓட்டுவது வேறு யாரோ. மின்சாரத்தை விற்பதும் வேறு யாரோ. ஒவ்வொரு காற்றாலைக்கும் இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று சொல்வது மட்டும்தான் வாரியத்தின் வேலை. அதைச் சொல்ல நாலு மாடிக் கட்டடம், வாசலில் ஒரு நீரூற்று, உள்ளே ஒரு லிஃப்ட். லிஃப்ட் நின்று நாளாயிற்று. அதன் ஆயுள் இன்னும் முடியவில்லை என்பதால் அது ஓடிக்கொண்டிருப்பதாகவே வாரியம் கருதியது. எல்லோரும் படியேறினார்கள்.

பெயிண்டருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன். மாப்பிள்ளைக்குக் கோபுரம் ஏறுகிற வேலை. காலையில் இடுப்பில் பாதுகாப்பு வாரைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால், ஏணியில் ஏறி உச்சிக்குப் போய், பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைத்து, இறக்கைகளைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். பெயிண்டரோ வீடுகளுக்கு வெள்ளையடித்து, ஜன்னல் கம்பிக்குக் கறுப்படித்து, மழைக்காலம் வந்தால் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர். வாரியத்து வேலை, அதுவும் கூரைக்குக் கீழே என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் ஆயுள் அதிகாரி அவரை ஒரு கோபுரத்துக்குக் கூட்டிப்போனார். ஆயுள் அதிகாரி என்பது பதவியின் பெயர். ஆளும் அதற்குத் தகுந்தாற்போல் எதற்கும் அவசரப்படாதவர். இரும்புக் கதவைத் திறந்தால் உள்ளே வட்டமாக ஒரு அறை. ஒரு பக்கம் மேலே போகிற ஏணி. சுவரோரம் சுற்றிலும் மணிக்கட்டுப் பருமனில் போல்ட்டுகள். அந்த மொத்தக் கோபுரத்தையும் தரையோடு பிடித்து வைத்திருப்பவை அவைதான். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்டு. ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் இரும்புத் தகடு வரைக்கும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு.

பழைய கோடுகள் பார்க்கச் சகிக்கவில்லை. சில நடுவில் ஒடிந்திருந்தன. சில, நட்டில் ஒரு பக்கமும் தகட்டில் வேறு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. பரிசோதனைக் குழு வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, நேராக, ஒரே அகலத்தில் புதிதாகப் போட வேண்டும் என்றார் ஆயுள் அதிகாரி. எதற்கு என்று பெயிண்டர் கேட்கவில்லை. சுவருக்கு நீலம் அடிக்கச் சொன்ன வீட்டுக்காரரிடம் எதற்கு என்று எவனாவது கேட்பானா? இவர் கேட்கவில்லை, கண்ணும் கருத்துமாகக் கோடு போட்டார்.

அவர் சேர்ந்த புதிதில் வாரியத் தலைவர் பார்வையிட வந்து, ஈரக் கோட்டில் தன் வெள்ளைக் கால்சட்டையை உரசிக்கொண்டார். வாரியமே ஆடிப்போயிற்று. முன்பு ஒரு கியர் பாக்ஸ் தீப்பிடித்து எரிந்தபோதுகூட அப்படி ஆடியதில்லை. மறுநாளே உத்தரவு வந்தது: ஈரப் பெயிண்ட் உள்ள இடத்தில், பெயிண்டர் நீங்கலாக, எவரும் எக்காரணம் கொண்டும் கால் வைக்கக் கூடாது. வாரியத்தில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. தலைக்கவசம் போட வேண்டும் என்று இருந்தது, பலத்த காற்றில் ஏறக் கூடாது என்று இருந்தது. ஆனால் மனிதர்கள் உண்மையாகவே பயந்து கடைப்பிடித்த விதி இது ஒன்றுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், மூலைக் கோபுரம் இல்லாவிட்டால். வரிசையின் கடைசியில், காற்று முதலில் வந்து மோதுகிற இடத்தில் நின்ற கோபுரம் அது. மற்ற கோபுரங்களில் ஒருமுறை போட்ட கோடு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இங்கே மட்டும் அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பாதிக் கோடுகள் விலகியிருக்கும். கைதான் நடுங்குகிறது போலிருக்கிறது என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார். வயதாகிறது, வேலை போய்விடுமோ என்று பயம். யாருக்கும் தெரியாமல் வாராவாரம் போய்ச் சுரண்டிவிட்டு மறுபடி நேராகப் போட்டுவிட்டு வந்தார்.

மனதில் வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை. ஒருநாள் கோபுர நிழலில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் மெல்லச் சொன்னார், கை நடுங்குது மாப்பிள்ளை, மூலைக் கோபுரத்துல மட்டும் கோடு நிக்க மாட்டேங்குது என்று. மாப்பிள்ளை சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"விலகியிருந்துச்சா? நீங்க என்ன பண்ணீங்க மச்சான்?"

"அழிச்சிட்டு நேரா போட்டேன்."

"எத்தனை தடவை?"

"வாராவாரம்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கோடு அழகுக்கு இல்லை. நட்டு துளி திரும்பினாலும் கண்ணில் படட்டும் என்று போடுகிற அடையாளம் அது. கோடு விலகினால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தளர்ந்தால் காற்று தள்ளுகிற ஒவ்வொரு தள்ளும் போல்ட்டின் மேல் விழும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று ஒடிகிறதே, அதுபோல உள்ளுக்குள்ளேயே ஒடிந்துபோகும். இதைச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தார். அவர் தினமும் போய்வருகிற இடம் அது.

கோபுரம் தன் வாயைத் திறந்து வாராவாரம் சொன்னதை, பெயிண்டர் வாராவாரம் பிரஷ்ஷால் மூடிவிட்டு வந்திருக்கிறார். தங்கை அப்போது மாசமாக இருந்தாள். மாப்பிள்ளை போய்ப் புகார் சொல்ல முடியாது. முன்பு அப்படிச் சொன்ன ஒருவனை, ஏறப் பயப்படுகிறவன் என்று முத்திரை குத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனை எந்தக் கோபுரத்துக்கும் கூப்பிடவில்லை. ஆகவே நான் போகிறேன் என்று பெயிண்டர் கிளம்பினார்.

நாலு மாடி ஏறி, இளைக்க இளைக்க, ஆயுள் அதிகாரியின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தன் மேல்தான் தப்பு என்றும் சொன்னார். அந்த இடத்தில் அதிகாரியின் முகம் தெளிந்தது.

"அப்ப இது பெயிண்ட் பிரச்சினை."

இல்லீங்க சார், நட்டு திரும்புது என்றார் பெயிண்டர். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பொறுமையாக விளக்கினார்.

"இதப் பாருங்க. தேய்மானம்ங்கறது டிசைன் ஆபீஸ் முடிவு பண்ற விஷயம். இந்தக் கோபுரத்துக்கு இருபது வருஷம்னு அவங்க சொல்லியிருக்காங்க. இந்த வருஷக் கடைசியோடதான் அது முடியுது. அதுக்கு முன்னாடி தேயறதுக்கு அதுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"

"காத்து ரொம்ப பலமா அடிக்குதுங்க சார், அந்த மூலையில."

"எவ்வளவு காத்து அடிக்கலாம்னு கணக்கு இருக்கு. அதுக்கு மேல அடிச்சா அது காத்தோட தப்பு."

அதிர்வை அளக்கிற கருவி ஒன்று அந்தக் கோபுரத்தில் இருந்ததே, அதையாவது பார்க்கக் கூடாதா என்று பெயிண்டர் கெஞ்சினார். மாப்பிள்ளை சொல்லி அனுப்பிய கேள்வி அது. அந்தக் கருவி ஓயாமல் அதிர்வு காட்டி எல்லோரையும் பயமுறுத்திக்கொண்டிருந்ததாகவும், அதைக் கழற்றி ஸ்டோர் ரூம் அலமாரியில் வைத்த பிறகு அது அதிர்வே காட்டவில்லை என்றும், ஆகவே பழுது சரியாகிவிட்டது என்றும் அதிகாரி சொன்னார். நட்டை இறுக்குகிற மிஷினும் அதே ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது. பரிசோதனைக் குழு தன் கண்ணால் ஒரு கோடு விலகியிருப்பதைப் பார்த்தால் மட்டுமே அதை வெளியே எடுக்கலாம். குழு வருவதற்கு முன்னால் கோடுகளை நேராக்கிவிடுவது பெயிண்டரின் வேலை. இதைச் சொல்லும்போது அதிகாரியின் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை.

அப்ப இந்தத் தடவை நான் நேராக்காம விட்டுடறேன் சார் என்றார் பெயிண்டர். அது கடமை தவறுதல் என்றார் அதிகாரி. புகார் பெயிண்ட் பிரிவுக்குப் போயிற்று. பெயிண்ட் பிரிவு அவரைக் கோடு போடும் பயிற்சிக்கு அனுப்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷை இழுப்பது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பெயிண்டருக்கு அழுகையாக வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடக்கினார்.

பயிற்சிக்குப் பிறகும் மூலைக் கோபுரத்தில் கோடு விலகியது. வாரியம் இதை லேசில் விடுவதாக இல்லை. கோட்டுத் தரக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். வாரியத் தலைவரே அதற்குத் தலைமை. குழு வேனில் வந்து இறங்கி, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துக் கோட்டைப் பார்த்தது. நட்டை ஒருவரும் பார்க்கவில்லை. சிவப்புக்குப் பதில் மஞ்சள் போட்டால் விலகாது என்று ஒருவர் சொன்னார். மஞ்சள் கண்ணை உறுத்தும் என்றார் இன்னொருவர். இதில் ஒரு பொழுது போயிற்று. மேலே இறக்கைகள் சுற்றச் சுற்ற, கோபுரத்தின் அடியில் ஒரு முனகல் கேட்டது. குழு சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வேனின் இன்ஜினை அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பியது. அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

கடைசியில் தலைவர் பெயிண்டர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, அறுபடாத பெயிண்ட்னு ஒண்ணு கிடையாதா?"

வாழ்நாளில் அவ்வளவு பெரிய மனிதர் எவரும் பெயிண்டரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. தொழில் பற்றிய கேள்வி, அதுவும் பதில் தெரிந்த கேள்வி. மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"மொட்டைமாடி விரிசலுக்குப் பூசறது ஒண்ணு இருக்கு சார். ரப்பர் மாதிரி. எவ்வளவு இழுத்தாலும் கூடவே வரும், அறுபடாது. ஆனா அது இதுக்கு..."

ஆனா அது இதுக்கு ஆகாது சார் என்று அவர் முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. தலைவர் அவர் முதுகில் தட்டினார். இப்படிப்பட்ட ஊழியர்கள்தான் வாரியத்தின் சொத்து என்றார். பெயிண்டர் ஆகாது சார், ஆகாது சார் என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரப்பர் பெயிண்ட், அதே சிவப்பில், டின் டின்னாக வந்து இறங்கியது. மூலைக் கோபுரத்தில் மட்டுமல்ல, எல்லாக் கோபுரங்களிலும் பழைய கோடுகளைச் சுரண்டிவிட்டு ரப்பர்க் கோடு போடும்படி உத்தரவு. பெயிண்டர் போட்டார். போடாவிட்டால் அவர் மட்டும் வேலையைவிட்டுப் போகமாட்டார், சேர்த்துவிட்ட மாப்பிள்ளையும் போவார் என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு கோடும் அறுபடவில்லை. நட்டு திரும்பினால் கோடும் வளைந்து கொடுத்தது. பளபளவென்று வேறு இருந்தது.

வருஷக் கடைசியை நினைத்துத்தான் பெயிண்டர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் முடிந்ததும் மூலைக் கோபுரத்தை நிறுத்திவிடுவார்கள், கழற்றி எடுத்துவிடுவார்கள், அதுவரைக்கும் நின்றால் போதும். தங்கையிடமும் அதைத்தான் சொன்னார். அவளும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வாரியம் ஒரு அறிவிப்புச் செய்தது. எல்லாக் கோபுரங்களிலும் மிகப் புதிதான கோடுகள், ஒரு பழுதும் இல்லாத கோடுகள், மூலைக் கோபுரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே தேய்மானமே இல்லாத முன்மாதிரிக் கோபுரம் என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்னும் இருபது வருஷம் ஆயுள் நீட்டித்து ஒரு விழா. விழாவில் இறக்கைகள் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். உச்சியிலிருந்து ஒரு நீளமான துணிப் பதாகையை ஓர் ஊழியர் அவிழ்த்துவிட வேண்டும். நல்ல ஏறுகிறவர் என்பதால் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

பெயிண்டர் மாப்பிள்ளையிடம் ஓடினார். மாப்பிள்ளை, உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். மாப்பிள்ளை கேட்கவில்லை. தலைவர் முன்னால் பெயர் வந்துவிட்டது, இப்போது பின்வாங்கினால் ஏறப் பயப்படுகிறவன் என்ற முத்திரை விழுந்துவிடும், குழந்தை பிறக்கிற நேரத்தில் வேலையில்லாமல் நிற்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். விழாவுக்கு முந்தின நாள் தங்கை அண்ணனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணா, அவர் சொல்றதை நான் நம்பலை. ஆபீஸ்ல சொல்றதையும் நம்பலை. கோடு போடறது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. அது நிக்குமா?"

பெயிண்டர் தண்ணீர் கேட்டார். அவள் தண்ணீர் கொடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பெயிண்டர் மூலைக் கோபுரத்தின் கதவைத் திறந்தார். மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்ட் டின்கள் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போயிருந்தார். சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க எண்ணெயைத் தாராளமாகக் கலந்தார். ஏணியில் ஆரம்பித்தார். வாளியை ஒரு கையிலும் பிரஷ்ஷைப் பல்லிலுமாகப் பிடித்துக்கொண்டு முடிந்த உயரம் வரைக்கும் ஏறி, மேலிருந்து கீழாக இறங்கி இறங்கிப் படிகளையும் கைப்பிடிகளையும் பூசினார். தரையைப் பூசினார். சுவரைப் பூசினார். கதவின் உள்பக்கம், வெளிப்பக்கம், நிலைச் சட்டம் எல்லாம் பூசினார். இப்படி அசிங்கமாக அவர் வாழ்நாளில் பெயிண்ட் அடித்ததில்லை. வழிந்தது, சொட்டியது, அவர் அழுதுகொண்டே அடித்தார்.

மாப்பிள்ளை வாரைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஏணியிலிருந்து சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது. கோபத்தில் கையை நீட்டி ஒரு படியைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. அதற்குள் ஆயுள் அதிகாரி பின்னாலிருந்து கத்திவிட்டார், ஈரப் பெயிண்ட், ஈரப் பெயிண்ட், எல்லாரும் வெளியே வாங்க என்று. காற்று அன்றைக்கு ஆளைத் தள்ளியது. கோபுரம் முனகியது. அதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. ஆனால் விதியென்றால் விதி. பதாகையை மரத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இறக்கைகளைச் சுற்றவிட உள்ளே போக வேண்டியதில்லை, அலுவலகத்திலிருந்தே பட்டனை அழுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை பெயிண்டரைப் பார்த்து, என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே மச்சான் என்று மட்டும் சொன்னார்.

விழா தொடங்கியது. மேடை கோபுரத்துக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி. தலைவர் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். வந்தவர்கள் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தேய்மானம், தேய்மானம்னு சொல்றாங்க. எங்கே இருக்கு தேய்மானம்? நான் இந்த வாரியத்துக்கு வந்து இத்தனை வருஷத்துல ஒரு தேய்மானத்தைக்கூட நேர்ல பார்த்ததில்லை. பார்க்காததை எப்படி ஒத்துக்க முடியும்? என் பின்னாடி நிக்கற இந்தக் கோபுரத்தைப் பாருங்க. எப்படி நிமிர்ந்து நிக்குது!"

எல்லோரும் பார்த்தார்கள். கோபுரம் மேடைக்கு மறுபக்கமாக மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. தலைவர் பேசும்போது எழுந்திருப்பது அங்கே வழக்கமில்லை. ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். கைதட்டலைக் கேட்டுத் தலைவர் குரலை இன்னும் உயர்த்தினார். அடியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிச் சத்தம் கேட்டது. இறக்கைகள் சுற்றியபடியே, கோபுரம் காலி வயல் பக்கமாக முழு நீளத்துக்கும் விழுந்தது. மேடையில் இருந்த பூங்கொத்துகள் புழுதியில் மூடிப்போயின. நன்றி வணக்கம் என்று தலைவர் முடித்தார்.

மாப்பிள்ளை தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பெயிண்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தார். அதற்கு அடுத்த வாரம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாரியம் விடுமா? விசாரணைக் குழு வந்தது. போல்ட்டுகள் பாதியில் ஒடிந்து கிடந்தன. பிடுங்கிக்கொண்டு எழும்பிய நட்டுகளுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர்க் கோடு மிட்டாய்ப் பாகு மாதிரி இழுபட்டு நின்றது. ஒன்றுகூட அறுபடவில்லை. குழு அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதியது. கோடு அறுபடாத நிலையில் நட்டு தளர்ந்ததாகக் கருத இடமில்லை. நட்டு தளராத நிலையில் கோபுரம் விழுந்ததாகக் கருத இடமில்லை. கோபுரம் தற்போது கிடைநிலையில் உள்ளது. அதன் ஆயுளில் இன்னும் இருபது வருஷம் மிச்சமிருக்கிறது.

பெயிண்டருக்கும் அதில் ஒரு பத்தி இருந்தது. ஏணியில் அனுமதியில்லாமல் பூசிய பெயிண்டின் எடை சுமைக் கணக்கில் வராத சுமை என்று கண்டித்திருந்தார்கள். ஆனால் ரப்பர்க் கோட்டை அவரைப்போல் போட ஆள் இல்லை என்பதால் வேலையைவிட்டு அனுப்பவில்லை. பெயிண்டை மட்டும் இனிமேல் அதிகாரியே கரண்டியால் அளந்து கொடுப்பார், கோட்டுக்குத் தேவையானது மட்டும். வாராவாரம் வயலில் படுத்துக் கிடக்கிற கோபுரத்துக்கும் போய்க் கோட்டைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும். அங்கே போகிற நாள்தான் பெயிண்டருக்கு நிம்மதியான நாள். அதற்கு இனிமேல் விழ இடமில்லை.

மாப்பிள்ளையை அடுத்த கோபுரத்துக்கு மாற்றினார்கள். மூலையில் இருந்தது விழுந்துவிட்டதால் காற்று இப்போது முதலில் வந்து மோதுவது அதில்தான். வேறு வேலைக்கு மாப்பிள்ளை அலையாத இடமில்லை. கிடைக்கிற வரைக்கும் ஏறித்தான் ஆக வேண்டும், வீட்டில் கைக்குழந்தை. பெயிண்டர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்து பார்த்தார். ரப்பர்க் கோட்டுக்குப் பக்கத்தில், நட்டிலிருந்து தகட்டுக்கு, சாதாரணப் பெயிண்டில் நூல் மாதிரி ஒரு கோடு இழுத்துவைத்தார். மறுநாளே ஆயுள் அதிகாரி அதைக் கண்டுபிடித்துத் துணியால் துடைக்க வைத்தார். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேல் அவநம்பிக்கையைக் காட்டுவதாகச் சொன்னார்.

ஒருநாள் காலை காற்று பலமாக இருந்தது. மாப்பிள்ளை வாரைக் கட்டிக்கொண்டு ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பினார். சுற்றிலும் நட்டுகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு, ஒன்றுகூட விலகாமல். இத்தனை நாளில் அவர் கேட்காததைக் கேட்டார்.

"மச்சான், இது எப்படி இருக்கு? நிக்குமா?"

பெயிண்டர் குனிந்து ஒரு கோட்டைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். முழு வட்டமும் சுற்றி வந்தார். எல்லாம் அவர் கையால் போட்டவை.

"தெரியல மாப்பிள்ளை," என்றார். "ரொம்ப நல்லா போட்டுட்டேன்."

மாப்பிள்ளை வாரை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டார். பிறகு ஏற ஆரம்பித்தார். காலடிச் சத்தம் மேலே போய்ப் போய்த் தேய்ந்தது. இறக்கைகள் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. பெயிண்டர் மண்டி போட்டு, பக்கத்தில் இருந்த நட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் எத்தனையோ நட்டுகள் இருந்தன. இரண்டு கையால் ஒன்றைத்தான் பிடிக்க முடிந்தது. மாப்பிள்ளை இறங்கி வருகிற வரைக்கும் அவர் அதை விடவில்லை.